ஒன்பது மணி பத்து நிமிடம்

விமான டிக்கெட் போடும் கடையில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நாங்கள் சொல்வது பறக்கும் நேரம் மட்டும். வீட்டிலிருந்து கிளம்புவது, பெட்டி போட வரிசையில் நிற்பது, இறங்கியபின் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்பது எதையும் சேர்க்க மாட்டோம். சேர்த்தால் கேட்பவர் முகம் சுருங்கும், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

அந்தப் புத்தி ஆஸ்பத்திரிக்கும் என்னோடு வந்துவிட்டது. அப்பாவின் இதயம் இன்றைய நாளைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் அக்கா, நம் ஊர் நேரப்படி காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டதாகப் போன் செய்தாள். அவள் வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று டாக்டர் அப்பாவின் கட்டிலருகிலேயே கேட்டார்.

"ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் டாக்டர். ஒம்பது மணி பத்து நிமிஷம்."

அப்பா கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என் வாயில் எதையாவது வைத்து அடைத்திருக்கலாம்.

என் கணக்குப்படி வந்திருக்க வேண்டிய மதியம் இரண்டு பத்துக்கு அக்கா இன்னும் வானத்தில்தான் இருந்தாள். அப்பாவின் கண் கடிகாரத்துக்கும் கதவுக்குமாக அலைந்தது. மகள் வரவில்லை என்று மனசு விட்டு இவர் போய்விட்டால், அக்கா முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

மூன்று மணிக்குமேல் பொறுக்க முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன், அவள் வர எட்டு மணியாகும் என்று அழுதேன்.

முப்பது வருடம் தொலைதூர பஸ் ஓட்டியவர் அப்பா. முகத்தில் இருந்த மாஸ்க்கை விலக்கச் சொன்னார்.

"தெரியும்மா. வழி, வரிசை எல்லாம் சேத்து நானும் எட்டுன்னுதான் கணக்குப் போட்டேன். உங்கம்மாகிட்ட எப்பவும் நேரத்தைக் கூட்டித்தான் சொல்லுவேன். இல்லன்னா வாசல்லயே நிப்பா, கால் வலிக்கும்."

அப்படியானால் கதவை ஏன் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ எப்ப எந்திரிச்சு சாப்பிடப் போவேன்னு பாத்தேன். காலையிலேர்ந்து பட்டினி."

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா பெட்டியோடு ஓடிவந்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இருந்தார், எங்கள் இருவர் கையையும் பிடித்தபடி.

இப்போதெல்லாம் கடையில் யார் கேட்டாலும் வீடு போய்ச் சேரும் நேரத்தைத்தான் சொல்கிறேன். முதலாளி முறைக்கிறார். முறைக்கட்டும். அங்கே யாரோ ஒருவர் வாசலில் நிற்பார், அவர் கால் வலிக்கக் கூடாது.