வாயில் வராத எழுத்து

...அப்படியென்றால் பெண்தான், சந்தேகமே இல்லை, சொல்லின் கடைசியில் அந்த வளைந்த எழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறதே, வயிற்றில் ஒரு கோடு போட்டுக்கொண்டு... மீனாள் முறத்திலிருந்த மிளகாயை மறந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை, காம்பு கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் காரம், தவிர அது தம்பியின் நோட்டு, தண்ணீர் குடிக்கப் போன இராமு பாயில் விரித்தபடியே வைத்துவிட்டுப் போயிருந்தான். நோட்டுத்தான் தம்பியுடையது, எழுத்து அவருடையது, அவள் புருஷன் ஏகப்பனுடையது, வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற எழுத்து. ஒன்பது வருஷமாகச் சைகோனிலிருந்து வந்த உறைகளில் அந்தப் பிரெஞ்சு எழுத்தைப் பார்த்துப் பார்த்து, பதில் போடும்போது அந்த விலாசத்தை அதே மாதிரி எழுதி எழுதி, ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குத் தெரியும். அர்த்தம்தான் தெரியாமல் இருந்தது, இந்தப் பத்து நாளாக அதுவும் கொஞ்சம் தெரிகிறது... தெரியாமலே இருந்திருக்கலாம்.

தை பிறந்ததும் இராமு சைகோனுக்குக் கப்பலேறுகிறான், கடைவேலைக்கு. அங்கே கோர்ட்டென்றாலும் சுங்கமென்றாலும் பிரெஞ்சில்தான் பேச வேண்டுமாம், அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில், முற்றத்து ஓரமாகப் பாய் விரித்து அத்தானிடம் பாடம். இரண்டாம் கட்டில் இருக்கிற மீனாளுக்கு எல்லாம் காதில் விழும். சின்ன வயதிலும் இப்படித்தான், இராமு வாய்ப்பாடு படிக்கப் படிக்க அவனுக்கு முன்னால் அவளுக்கு மனப்பாடமாகிவிடும், இப்போதும் பாடம் முடிந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆச்சியிடம், அக்காளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், ஒப்பிக்க வந்துவிடுகிறான். இந்த வாரம் நடக்காமல் போனதைச் சொல்கிற பேச்சு. "மழை பேஞ்சிருந்தா நெல்லு விளைஞ்சிருக்கும், அந்த இருக்கும்தான் இது தம்பி. பேஞ்சிருந்தாங்கிற பாதிக்கு ஒரு துணைச்சொல்லு, விளைஞ்சிருக்கும்கிற பாதிக்கு வேற ஒண்ணு. மாத்திப் போட்டே, பிரான்சுக்காரன் சிரிப்பான்." ஜொரே மான்ழே, சாப்பிட்டிருப்பேன். ஜொரே பார்லே, பேசியிருப்பேன். அப்புறம் நேற்று அந்தக் குசும்பு பிடித்த விதி. "எல்லா வினைக்கும் ஜொரே வராது. வாரது, போறது, தங்குறது, இதுக்கெல்லாம் ஸெரே. அந்த மாதிரி இடத்துல ஆளைப் பார்க்கணும். ஆம்பளைன்னா அப்படியே விட்டுரு. பொம்பளைன்னா கடைசியில இங்கிலீஷ் 'ஈ' எழுத்தைச் சேரு. வாயில வராது, கையில மட்டும் வரும்." மீனாள் அதைக் கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள், அந்தச் சீமையிலும் பொம்பளை இப்படித்தான் போல, இருப்பாள், சத்தம் மட்டும் வராது.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஸி த்யு எத்தே வெனு, ஜ ஸெரே ரெஸ்தே, வெனுவின் கடைசியில்தான் அந்த எழுத்து, வருகிற ஆளைச் சொல்கிற இடத்தில். நீ வந்திருந்தால் நான் தங்கியிருப்பேன். வளவில் அவர் இதைச் சொன்னபோது ஒன்றும் உறைக்கவில்லை, நீ என்றால் யாராகவும் இருக்கலாம், ஒரு சிநேகிதன், ஒரு குமாஸ்தா, தமிழில் வந்திருந்தாய் என்றால் அது ஆணா பெண்ணா யார் கண்டது... இந்தப் பாஷைதான் காட்டிக்கொடுக்கிறது. எத்தனை உதாரணம் எழுதினார், மழை, நெல், கப்பல், கோர்ட், எதிலும் பெண் இல்லை, இதில் மட்டும் ஏன்? தங்கியிருப்பேனாம், எங்கே? அங்கேதான், வேறெங்கே, இந்த வீட்டில் தங்குவதற்கு எவள் வர வேண்டும்? அவள் துறைமுகத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருப்பாள், வந்திருக்க மாட்டாள், அவர் கப்பல் சங்கு ஊதுகிறவரை படியிலேயே நின்று பார்த்திருப்பார்... எப்படி இருப்பாள்? நீள அங்கி, தாழம்பூ நிறம், எண்ணெய் வைக்காத கூந்தல். அந்த ஆமையோட்டுச் சீப்பு! வந்த அன்றைக்குப் பட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாரே, இவருக்குச் சீப்புப் பார்த்து வாங்கத் தெரியுமா, கல்யாணமான புதிதில் வளையல் வாங்கிவந்து அது முழங்கை வரை ஏறிப்போன கதை இந்த ஊருக்கே தெரியும், கூட ஒருத்தி நின்று இது நல்லது என்று தொட்டுக் காட்டாமல் எப்படி... அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து மாதமாகக் கோயிலுக்கும் விசேஷத்துக்கும் போய்வந்திருக்கிறாள் இவள். அப்புறம் அந்தக் குரல். தமிழில் அவருக்கு இரண்டே குரல், தண்ணி கொண்டா என்கிற குரல், சரி பார்ப்போம் என்கிற குரல். பிரெஞ்சு பேசும்போது மூக்குக்குள் இறங்கி மெத்தென்று ஒன்று வருகிறதே, அதை அவர் யாரிடம் பேசிப் பழகினார், சுங்கத்துக்காரனிடமா? போயும் போயும் ஒரு பாஷையின் மேல் பொறாமைப்படுவதா, தம்பி மேலும்கூடத்தான், அந்தக் குரலைத் தினம் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து கேட்கிறானே. நாளைக்கு அந்தத் தெருவில் நடப்பான், அவளைப் பார்த்தாலும் பார்ப்பான், பார்த்து எழுதுடா என்று சொல்லி அனுப்பினால்... சீ, கூடப் பிறந்தவனை வேவு பார்க்கச் சொல்கிற அளவுக்கா போயாயிற்று.

"என்ன ஆச்சி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" இராமு வாயைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். மிளகாய்க் காரம் என்றாள். நோட்டை முகவாயால் காட்டி, "இது யாரைச் சொல்லுது தம்பி?" என்று கேட்டாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "யாரையும் இல்ல, பாடத்துக்கு ஒரு உதாரணம்." "அப்ப அந்த எழுத்து எதுக்கு, கடைசியில?" அவன் குனிந்து பார்த்தான், வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், பிறகு சிரித்தான். "அட, ஆமா! எனக்குத் தெரியவே இல்ல பாரேன். அத்தான் கை தவறி எழுதிட்டாக." பேனாவை எடுத்தான், வளைந்த எழுத்தின் மேல் ஒரு கோடு கிழித்தான், அவ்வளவுதான், ஒரு பெண் போய்விட்டாள், யாரோ ஒரு சிநேகிதன் சைகோனில் வராமல் இருந்துவிட்டான். எவ்வளவு சுலபம்! மீனாளுக்கு மூச்சு வந்தது. கை தவறித்தான், பாவம், பேசிக்கொண்டே எழுதுகிற மனுஷர், நான் ஒருத்தி, மத்தியானம் பூராவும்... மிளகாயை வேகமாகக் கிள்ளினாள், இராமு இரண்டு பக்கம் ஒப்பித்துவிட்டு நோட்டோடு எழுந்து வளவுக்குப் போனான், ஏகப்பன் தூங்கி எழுந்து காப்பி கேட்டார்.

காப்பியை எடுத்துக்கொண்டு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார், புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "இதை யாரு அடிச்சது?" "நான்தான் அத்தான். ஆச்சிதான் கண்டுபிடிச்சுச்சு, அங்க ஈ வராதுல்ல, தப்புன்னு..." அவர் அவன் பக்கம் கையை நீட்டினார். பேனாவை வாங்கினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், நிதானமாக, ஒரு குழந்தைக்கு எழுதிக் காட்டுகிற மாதிரி, அந்த வளைந்த எழுத்தைத் திரும்பவும் எழுதினார். "தப்பில்ல," என்றார்.

தம்பி இருக்கிறான், கேட்கக்கூடாது, ராத்திரி கேட்டுக்கொள்ளலாம், இல்லை, ராத்திரி கேட்டால் அவர் தூங்கிவிட்டதாகப் பாவனை செய்வார், கேட்காமலே விட்டுவிடலாம், ஒன்பது வருஷம் ஒன்றும் கேட்காமல்தானே... கால் தானாக நடந்தது. காப்பியை அவர் முன்னால் வைத்தாள், நிமிரவில்லை. "யாரு அது?" என்றாள். இராமு நோட்டையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தான், அப்புறம் பேனாவுக்கு மை ஊற்ற வேண்டும் என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து முகப்புப் பக்கம் போய்விட்டான். ஏகப்பன் டபராவைத் தொட்டார், சூடு, கையை எடுத்துக்கொண்டார்.

"நீ எப்ப இதெல்லாம் படிச்சே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. யாரு வரல? யாரு வந்திருந்தா நீங்க தங்கியிருப்பீக?"

அவர் அவளைப் பார்த்தார். இப்படி நேராகப் பார்த்து எத்தனை நாளாயிற்று. "நீதான்னு வச்சுக்க," என்றார்.

வச்சுக்க! வைத்துக்கொள் என்றால்? நீதான் என்பதா, நீ இல்லை, ஆனால் நீ என்று நினைத்துக்கொண்டு போ என்பதா? மேலே கேட்க வாயெடுத்தாள், அதற்குள் வாசலில் யாரோ செட்டியாரைக் கேட்டுக் குரல் கொடுக்க, அவர் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மீனாள் அங்கேயே நின்றாள். ஆறு வருஷம் இருக்கும், இரண்டாம் தடவை அவர் புறப்பட்டபோது, பிள்ளையார்பட்டியில் பாறையைச் சுற்றி வரும்போது கேட்டாரே, நீயும் வாரியா என்று... கேட்டாரா, கேலி பண்ணினாரா? நல்லாக் கேட்டீக, ஒங்க ஆத்தா படுக்கையில கெடக்காக, நான் கப்பலேறினா ஊரு என்ன சொல்லும் என்று இவள் சிரித்தாள், அவரும் சிரித்தார், பிறகு தேங்காய் உடைத்தார்கள், அதோடு முடிந்தது. முடியவில்லையா? அவர் அதை மூட்டையில் கட்டிக் கடல் தாண்டி எடுத்துப்போய், யாரோ ஒரு பிரான்சுக்காரனிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டுப் படித்துக்கொண்டு...

அப்படியே இருக்கட்டும், நீதான் என்றே இருக்கட்டும், சந்தோஷம் வர வேண்டுமே, ஏன் வரவில்லை? நெஞ்சில் அதே எரிச்சல், இடம்தான் மாறியிருந்தது. அந்த வாக்கியத்துக்குள் கப்பலேறிப் போனாளே ஒரு மீனாள், மாமியாரைப் பற்றியும் ஊரைப் பற்றியும் நினைக்காமல் போனவள், கடையில் தானே நின்று சீப்புத் தேர்ந்தெடுத்தவள், அந்த மெத்தென்ற குரலை ஆறு வருஷம் தினமும் கேட்டவள், அவளுக்காகத்தான் அவர் அங்கே தங்கியிருப்பார். இங்கே இருக்கிறவளிடம் திரும்பி வந்தது அவள் வராமல் போனதால்தான். சைகோன்காரியாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம், இவளை என்ன சொல்லித் திட்டுவது...

நோட்டு பாயில் விரிந்து கிடந்தது. நீ வந்திருந்தால் நான் தங்கியிருப்பேன். மீனாள் குனிந்து இன்னொரு தடவை படித்தாள், மெதுவாக, விரல் படாமல். வந்திருக்க வேண்டியது அவள், தங்கியிருக்கக்கூடியவர் அவர், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பாடத்துக்கு ஏற்ற மாதிரி. ஆனால் வந்தவள், வந்த பிறகு, அவளும் தங்கியிருப்பாளா, அவளுக்கு அந்த ஊர் பிடித்திருக்குமா... அதை அவரும் எழுதவில்லை, இந்த நிமிஷம் வரை மீனாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.