அப்பா, இரண்டாம் பதிப்பு

காலையில் கரண்ட் போய் வந்த பிறகு அப்பாவின் கம்ப்யூட்டர் தானாக எழும்பியது. திரையில் எழுத்துப் பலகையும் வந்தது. அவருடைய விரலுக்குக் கீழே இருந்த சுவிட்ச் மட்டும் வேலை செய்யவில்லை.

அப்பாவின் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. குரல் போய்விட்டது. இடது கையின் நடுவிரல் மிஞ்சியிருக்கிறது. திரையில் எழுத்துகள் வரிசையாக மின்னும். வேண்டிய இடத்தில் அவர் அழுத்துவார். முதலில் எழுத்து, பிறகு அதற்குரிய காலோ கொம்போ புள்ளியோ. இதற்காகவே ஒரு பழைய மெஷினில் லினக்ஸ் இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து நானே துண்டு துண்டாகக் கட்டினேன். பௌதிகம் படித்த எனக்கு மனிதரோடு கதைப்பதை விட அது சுகமாக இருந்தது.

பின்னேரம் டொக்டர் அலவி வருவதாக இருந்தது. அப்பாவின் மூச்சு குறைந்துகொண்டு போகிறது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டால் இயந்திரம் அவருக்காக மூச்சு விடும். எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். சம்மதமா என்று அப்பாவே சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடியாத நிலை என்றால் அம்மா கையெழுத்துப் போடலாம் என்று டொக்டர் போனில் சொல்லியிருந்தார்.

"ராத்திரிக் கேட்டனான். கண்ணைச் சிமிட்டினவர்," என்றார் அம்மா. "ஓம் எண்டுதான்."

அப்பாவின் இமைகள் இப்போதெல்லாம் யாரும் கேட்காமலே சிமிட்டும்.

பலகை அடிக்கடி உறைந்துபோகிறது என்று போன கிழமைதான் புதிய கேர்னல் ஒன்றைக் கட்டினேன். கேர்னல்தான் மெஷினையும் அதில் ஓடும் எல்லாவற்றையும் இணைப்பது. பதிப்பு எண்ணின் வாலில் நாம் விரும்பிய பெயரை ஒட்டலாம். பழையதற்கு அப்பா1, புதியதற்கு அப்பா2. அதைப் பார்த்துவிட்டு அப்பா நேரமெடுத்து எழுதினார்: "புது அப்பா நடப்பாரோ?"

சுவிட்ச் போன்றவற்றைக் கேர்னலோடு பேசவைக்கும் சின்ன நிரல்கள்தான் டிரைவர்கள்; இடம் போதாததால் அப்பா1இனுடையவற்றை அழித்திருந்தேன். அதன் பிறகு இன்றுவரை மெஷினை நிறுத்தி எழுப்பவில்லை; ஏற்கெனவே ஏறியிருந்த டிரைவர்களோடு ஓடியதால் பிழையும் தெரியவில்லை.

எந்தக் கேர்னல் ஓடுகிறது என்று மெஷினிடம் கேட்டேன். அப்பா1 என்று பதில் வந்தது. டிரைவர்கள் இருக்கும் இடத்தில் அப்பா2இனுடையவை மட்டும். ஒன்றின் டிரைவர் மற்றதில் ஏறாது.

அம்மா வந்து என்ன பிழை என்று கேட்டார்.

"பழைய அப்பாதான் ஓடுறார், அம்மா. வீட்டில கிடக்கிறது முழுக்கப் புது அப்பாவின்ர சாமான்."

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் தொண்டைக்குள் ஏதோ களகளத்தது. சிரிப்பாக இருக்கலாம்.

மெஷின் எழும்பும்போது கேர்னலைத் தேடும் பூட் கோப்புறைக்குள் அப்பா2ஐப் போட்டது எனக்கு நல்ல நினைவு. இப்போது அங்கே அது இல்லை. டிஸ்க்கில் பூட் தனிப் பகுதி. அதை இணைத்துவிட்டுத்தான் உள்ளே எதையும் வைக்க வேண்டும். மறந்தால், அதே பெயரில் இருக்கும் வெறும் கோப்புறைக்குள் போய் விழும்; பிறகு பகுதியை இணைக்கும்போது அதன் மேல் மூடிக்கொள்ளும். பாய் விரித்த பிறகு தரையில் கிடப்பது தெரியாதது போல. பகுதியைக் கழற்றிப் பார்த்தேன். அப்பா2 அடியில் கிடந்தது.

கடற்கரை ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"விடு பிள்ளை," என்றார் மெதுவாக. "ஏன் அவரைப் போட்டு வருத்துறாய்? மெஷின் பழுதாப் போச்சு எண்டு டொக்டரிட்டச் சொல்லுவம்."

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவருடைய விரல் சுவிட்சை அழுத்தியது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் அழுத்தியது.

நான் பகுதியை இணைத்து, கேர்னலை உள்ளே போட்டு, மெஷினைத் திரும்ப எழுப்பினேன். அப்பா2 என்று வந்தது. சுவிட்சின் பச்சை வெளிச்சம் பற்றியது.

டொக்டர் அலவி வந்ததும் அம்மா முதல் வேலையாகச் சிமிட்டலைப் பற்றிச் சொன்னார்.

"மிஸிஸ், கண்ண வெச்சு நான் குழாய் போட ஏலாது. அவர்ட வாயால சொல்லட்டும்," என்றவர் அப்பாவைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். "விரலால."

பிறகு குழாய் போடுவதா என்று அப்பாவிடம் கேட்டார். எழுத்துகள் மின்னத் தொடங்கின. வ. அதற்குக் கொம்பு. வே. அடுத்தது, நெடுநேரம் கழித்து, ண.

"வேணும் எண்டுறார்," என்று அம்மா எழும்பினார். "நான் சொன்னனான்தானே." முகத்தைத் துடைத்துக்கொண்டு, டொக்டருக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார்.

திரையில் ண தனியாக நின்றது. அதன் கீழே குறிகள் ஒவ்வொன்றாக மின்னின. உகரம் வந்தது. ணு. விரல் அசையவில்லை. களைத்துவிட்டார், அடுத்த சுற்றில் அழுத்துவார் என்று நினைத்தேன். மற்றக் குறிகளும் போயின. கடைசியில் புள்ளி வந்தது. விரல் இறங்கியது.

பிறகு டா. பிறகு ம்.

டொக்டர் திரையைத் திரும்பவும் வாசித்தார். யோசித்துத்தான் சொல்கிறாரா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஓம், என்று அப்பா எழுதினார்.

அம்மாவிடம் தானே சொல்வதாகக் கூறி டொக்டர் எழும்பினார். விரல் மறுபடி இறங்கியது. நாங்கள் காத்திருந்தோம்.

மகள்.

குசினியில் அம்மா கோப்பைகளுக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை வரும்போதே சரிசெய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

"அம்மா," என்றேன். "ண-வுக்கு மேல அப்பா புள்ளி வச்சவர்."

கரண்டி கோப்பைக்குள் நின்றது. பிறகு திரும்பவும் கலக்கத் தொடங்கியது.

"டொக்டர் சீனி குடிப்பாரோ," என்று கேட்டார் அம்மா.