பதினோரு கணுக்கள்

எங்கள் தகப்பனார் கஸ்தூரிரங்கனின் பெயரில் ஓர் எறும்புப் பேரினம் இருந்தது. ரங்கமிர்மெக்ஸ். மயிலாப்பூரில் தெருவுக்கே தங்கள் பெயரை வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. உலக எறும்புப் பட்டியலில் பெயர் ஏறிய குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.

அண்ணா ராமானுஜம் விலங்கியல் பேராசிரியர். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில், உச்சி வெயிலில் இரை தேடி ஓடிய ஓர் எறும்பைப் பிடித்து வந்தார். ஒன்றே ஒன்று. அதன் நெருங்கிய உறவான எறும்புகளுக்கெல்லாம் உணர்கொம்பில் பன்னிரண்டு கணுக்கள், இதற்குப் பதினொன்று. அந்த ஒரு கணுவை வைத்துப் புதுப் பேரினம் என்று கட்டுரை எழுதினார். அப்பாவின் சதாபிஷேகத்தன்று பெயரை அறிவிப்பதாக ஏற்பாடு. அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டோம்.

கட்டுரைக்குப் படம் வரைந்தவள் தங்கை சொர்ணம். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தாள்.

"அண்ணா, அதுக்கு வலது கொம்பு நுனி ஒடிஞ்சிருக்கு. இடது கொம்பு, அட்டையில ஒட்டின பசைக்குள்ள மாட்டிண்டிருக்கு. பசையைக் கரைச்சு எண்ணிப் பாத்துட்டு அனுப்புங்கோ."

அண்ணா சாதம் பிசைவதை நிறுத்தவில்லை. நான்தான் பேசினேன்.

"பத்திரிகை குடுத்தாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஒத்தைக் கணுவுக்காக அப்பாவை எண்பது வயசுல தலைகுனிய வைக்கப் போறியா?"

பசை கரைக்கப்படவில்லை. கட்டுரை போயிற்று. சொர்ணம் விழாவுக்கு வந்து நமஸ்காரம் பண்ணினாள். அதன்பிறகு வரவில்லை. அது 1985. அவள் இருப்பது பெசன்ட் நகரில்.

போன மாசியில் மஹ்விஷ் என்றொரு பெண் தொலைபேசியில் பேசினாள். ராயப்பேட்டைக்காரி, எறும்புகளை வகைப்படுத்தும் ஆராய்ச்சியில் இருக்கிறாள். தேரிக்காட்டில் அதே மாதிரி எறும்புகள் நாற்பது பிடித்திருக்கிறாளாம். அண்ணா பெயர் வைத்த அந்த மூல எறும்போடு ஒப்பிட வேண்டுமாம். அண்ணா காலமாகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. அந்த எறும்பை வைத்த பெட்டி என்னிடம் இருக்கிறது. மறுத்தால் ஏதோ விஷயம் இருப்பதாக ஆகிவிடும். வரச் சொன்னேன்.

அவள் வருவதற்கு முதல் நாள் பெட்டியைத் திறந்தேன். முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டிய எறும்பு. அட்டையைக் குத்திய ஊசியிலேயே கீழே மூன்று சின்னச் சீட்டுகள். இரண்டு அண்ணாவின் எழுத்து: பிடித்த இடம், வைத்த பெயர். மூன்றாவது சொர்ணத்தின் எழுத்து. "நுனி ஒடிந்தது. பன்னிரண்டாகத்தான் இருக்கும். அண்ணாவிடம் சொல்லியாயிற்று." தேதியும் போட்டிருந்தாள். அந்தச் சீட்டை மட்டும் உருவிக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் மஹ்விஷ் மைக்ராஸ்கோப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"சார், வலது கொம்பு ஒடிஞ்சாப்புல தெரியுது. இந்தப் பழைய பசை தண்ணில கரையும். வெதுவெதுன்னு ஒரு சொட்டு விட்டு இடது கொம்பை எடுக்கட்டுமா?"

"தாராளமா எடும்மா. எங்காத்துல மறைக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது."

கால் மணி நேரத்தில் கொம்பு பசையிலிருந்து பிரிந்து நீண்டது.

"நீங்களே எண்ணிப் பாருங்க சார்."

குனிந்து எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். பன்னிரண்டு.

"இது தனிப் பேரினம் இல்ல சார். பழசோட சேத்துடணும்," என்றாள். பிறகு ஊசியைத் திருப்பிப் பார்த்தாள். "ஊசி பூரா துரு. அடியில இந்த இடம் மட்டும் பளிச்சுனு இருக்கு. இங்க ஒரு சீட்டு இருந்திருக்கணுமே?"

"எனக்குத் தெரியாது."

"இருந்தா நல்லாருந்திருக்கும். வீட்லயே யாராச்சும் கவனிச்சிருந்தா அதைத்தான் முதல்ல எழுதுவேன். தப்பைக் கண்டுபிடிச்சதும் இதே குடும்பம்தான்னு நிக்கும்ல? கட்டுரைல படத்துக்குக் கீழ எஸ்.னு போட்டிருக்கே, அது யாரு?"

"என் தங்கை."

"இருக்காங்களா? பேசலாமா?"

சொர்ணம் பேசினால், யாரிடம் சொன்னாள், யார் அடக்கினார்கள் என்பதும் வெளியே வரும். தெரியாமல் தவறினார் என்றால் அண்ணா படித்த மனிதராகவே இருப்பார். தெரிந்தே அனுப்பினார் என்றால் எங்களுக்கு வேறு பெயர்.

"அவளுக்கு உடம்பு முடியலை. ஞாபகமும் தப்பிடுத்து," என்றேன். எழுபத்திரண்டு வயதிலும் அவள் தினமும் எலியட்ஸ் கடற்கரையில் நடப்பதாகக் கேள்வி.

"அச்சோ, பாவம்," என்று மஹ்விஷ் பெட்டியை மூடினாள்.

ஆவணியில் கட்டுரை வந்தது. ரங்கமிர்மெக்ஸ் நீக்கப்பட்டது. ஒடிந்த கொம்பைக் கவனியாததால் ராமானுஜத்துக்கு நேர்ந்த பிழை என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தாள். அந்த வாரமே அண்ணா பிள்ளை ஸ்ரீஹரி அமெரிக்காவிலிருந்து அழைத்தான்.

"சித்தப்பா, எங்கப்பாவுக்குப் பன்னண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதுன்னு ஆயிடுத்து. உங்காத்துல வச்சுத்தான் பாத்தாளாமே?"

"ஆமாம்."

"நீங்க ஒண்ணுமே சொல்லலையா? அத்தைக்கு போன் பண்ணேன். 'உங்க சித்தப்பாவைக் கேளு'ன்னு வச்சுட்டா. அத்தைக்கு ஏதாவது தெரியுமா?"

"அவளுக்கு என்னடா தெரியும்?" என்றேன். "உங்கப்பாதான் சரியாப் பாக்கலை. அவ்வளவுதான்."