மயில் பலகையில் ஒரு பெயர்

ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டால் தவசியைத் தரையிலிருந்து கிளப்ப யாராலும் முடியாது. சிம்மக்கல் சந்து வீட்டின் முன்கூடத்தில் சம்மணம் போட்டு, முக்காலியின் விளிம்பில் ஒரு பலகையை நீட்டி வைத்து, கையில் ரம்பத்தை எடுத்துவிட்டார் என்றால் அப்புறம் காபி ஆறினாலும் சரி, கறிக்கடையில் கறி தீர்ந்தாலும் சரி. ரம்பம் என்றால் ஆசாரி வைத்திருக்கிற ரம்பம் இல்லை. வில் மாதிரி வளைந்த இரும்புச் சட்டம். அதன் இரண்டு முனைக்கும் நடுவே முறுக்கிக் கட்டிய, மயிரிழை கனத்தில் பல் வைத்த ஒரு கம்பி. பலகையில் ஒரு ஓட்டை போட்டு அந்தக் கம்பியை உள்ளே விட்டால் வளைந்து நெளிந்து எங்கே வேண்டுமானாலும் போகும். கொஞ்சம் அவசரப்பட்டால் பட்டென்று அறுந்தும் போகும்.

வாரம் முழுக்கத் தவசிக்குப் பஸ் கம்பெனி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஞாயிறு மட்டும் மயிலும் யானையும் தாமரையும். மொத்த டீத்தூள் கடையில் காலியாகும் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, அந்த ப்ளைவுட்டில்தான் இத்தனையும். படம் மட்டும் அவருடைய சொந்தப் படமாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஹாலாஸ்யம் ஐயருக்கும் இதே கிறுக்குத்தான். ஆனால் அவர் கடையில் விற்கிற அச்சுப் படத்தை வாங்கி ஒட்டி, கோடு மேலேயே அறுத்துவிட்டுப் போவார். தவசி அதை ஒரு வேலையாகவே மதிக்க மாட்டார். தாளை நடுவில் மடித்து, ஒரு பாதியைத் தான் வரைந்து, மறுபாதியைக் கார்பன் வைத்து இறக்கி, விரித்துப் பார்த்து இடமும் வலமும் இம்மி பிசகாமல் நிற்பதைக் காணும்போது அவருக்கு வருகிற சந்தோசம் இருக்கிறதே, அது சம்பளத் தேதியில்கூட வந்ததில்லை.

எழுபத்தாறாம் வருசம், உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த தங்கச்சி மாயக்காளின் மூத்த மகள் அன்னக்கொடி பெரியவளானாள். ஆவணியில் சடங்குக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் இரண்டு பேர். மதுரையில் தவசி, ஊரில் காடுகரையைப் பார்த்துக்கொண்டு, ஆடுமாட்டோடு கிடந்த தம்பி காளை. அந்தப் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்பது லேசுப்பட்ட சமாச்சாரமா என்ன? யார் முன்னால் வந்தான், யார் பின்னால் வந்தான், யார் கையில் என்ன இருந்தது என்று ஊரே நின்று பார்க்கும். பிள்ளை கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் அதைப் பேசும்.

சீர் வண்டியின் முன்னால் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று தவசிக்கு ஆசை வந்தது. எதிரெதிரே இரண்டு மயில். இரண்டும் அலகால் ஒரு வட்டத்தைப் பிடித்திருக்கும். வட்டத்துக்குள்ளே மேலே 'தாய்மாமன்', கீழே 'தவசி', அதற்கும் கீழே 'காளை'. எழுத்தை அறுத்து எடுத்துவிட்டுப் பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்தால் பெயர் மட்டும் தகதகவென்று எரியும்.

தாளில் வரைந்து முடித்த சமயம், சீர்க் கிடாய்க்கு மணி வாங்கவென்று காளை மதுரைக்கு வந்தான். அவன் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. தாளைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தான்.

"இதுல எம்பேரு எதுண்ணே?"

தவசி தொட்டுக் காட்டினார். காளை மண்ணேறிய விரலை எழுத்து மேல் வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தான்.

"ராத்திரி லைட்டுல இது தெரியுமா?"

"தெரியுமாவா? ஊரே பாக்கும்டா."

"ஆத்தாடி! எம்பேரு ரேசன் கார்டத் தவிர எங்கயும் இருந்ததில்லண்ணே" என்று சொல்லிச் சிரித்தான். சாப்பிடக்கூட உட்காரவில்லை. மணியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, உசிலம்பட்டிச் சந்தையில் இறங்கியதும் இறங்காததுமாக டீக்கடையில் ஆரம்பித்துவிட்டான். "மாப்ள, எம்பேரும் அண்ணன் பேரும் மயிலு வாயில எரியப் போவுது, வந்து பாருங்கடா." பார்த்தவனிடமெல்லாம் சொன்னான். ஆட்டுக்குக்கூடச் சொல்லியிருப்பான்.

இங்கே பலகையில் வினை வந்து சேர்ந்தது. டீப்பெட்டிப் பலகைக்கு உடம்பு கிடையாது. இரண்டு பெயரையும் ஒரு வட்டத்துக்குள் திணித்ததில், வரிக்கும் வரிக்கும் நடுவில் நிற்க வேண்டிய மரம் ஈர்க்குச்சி கனத்துக்கு வந்துவிட்டது. முதல் பலகையில் 'ளை' அறுக்கும்போது அந்த ஈர்க்குச்சி முறிந்தது. அடுத்த ஞாயிறு இன்னொரு பலகை. அதிலும் அதே இடம். தவசி ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

ஹாலாஸ்யம் எட்டிப் பார்த்தார். "ஓய் தவசி, எழுத்தை ஒரே வெட்டா வெட்டினா எப்படி நிக்கும்? நடுநடுவுல கொஞ்சம் அறுக்காம விட்டுடும். அதுவே பிடிச்சுக்கும். அரிசி மூட்டை மேல மை அடிக்கறானே தகர அச்சு, அது மாதிரி."

"நல்லாச் சொன்னீக சாமி! தங்கச்சி வீட்டுச் சீருக்கு அரிசி மூட்டையாட்டம் பேரு போடவா? பாக்குறவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டுமே, பேர் நிக்குமோல்லியோ?"

அங்கேதான் தவசி கெட்டார். ஐயர் சொன்னது சரி என்று அவர் கைக்குத் தெரிந்தது. ஆனால் விட்டுவிட்டு வெட்டின எழுத்தை நினைத்தாலே மனசு ஒப்பவில்லை. மயில் இரண்டும் அத்தனை அழகாக வந்திருக்கும்போது நடுவில் ஒட்டுப்போட்ட மாதிரி எழுத்தா? புதுத்தாள் எடுத்து மடித்தார். வட்டத்துக்குள் ஒரே பெயரை நன்றாகப் பெரிதாக வரைந்தார். தாய்மாமன் தவசி. மூத்தவன் பெயர் போட்டால் இளையவனும் அதில் அடக்கம்தானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பலகை முறியாமல் வந்தது. உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்துச் சுவரில் சாய்த்துவைத்தால், கண் பட்டுவிடும் போல இருந்தது.

சம்சாரம் ராக்கம்மாள் ஈரக்கையோடு வந்து நின்று பார்த்தாள். "கொழுந்தனாரு பேரு எங்க?"

"நிக்க மாட்டேங்குது. தம்பிதானே, சொன்னாப் புரிஞ்சுக்குவான்."

"சொல்லிட்டீகளா?"

"சொல்லிக்கலாம்."

சொல்லவில்லை. ஒரு கார்டு போட்டிருக்கலாம். உசிலம்பட்டி ரூட் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம், பஸ் கம்பெனியில் இருக்கிற மனுசனுக்கு அதுவா கஷ்டம்? வார்னிஷ் காய்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க நேரம் இருந்தது, இதற்கு இல்லை.

சடங்கன்று பொழுது சாய, ஊர் மந்தையிலிருந்து சீர் புறப்பட்டது. உருமி அதிர்ந்தது. காளை புது வேட்டியும் சிவப்புத் துண்டுமாக, மணி கட்டிய கிடாயைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றான். பலகை மேல் போர்வை மூடியிருந்தது. தவசி அவனிடம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விளக்கைப் பற்றவைத்து, போர்வையை எவனோ உருவிவிட்டான்.

"அடேயப்பா!" என்றது கூட்டம். மயில் இரண்டும் தோகை சிலிர்க்க நின்றன. பெண்கள் குலவை போட்டார்கள். தவசிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பொய் சொல்வானேன். அந்த ஒரு நொடி அவர் தம்பியை மறந்தே போனார்.

பங்காளி மருது கண்ணை இடுக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தார். "ஏண்டா காளை, லைட்டுல எரியப் போவுதுன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சியே. உம்பேரு எங்கடா?"

காளை பார்த்தான். வாசிக்க அவனுக்கு நேரமாகும். அத்தனை பேரும் அவன் வாசித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்கள். "மயிலுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும், பெருசு" என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மாயக்காள் வீட்டுப் பந்தலில், "தாய்மாமன் வந்து மாலையப் போடுங்கப்பா" என்று கூப்பிட்டபோது காளை கிடாயின் கயிற்றைத் தவசி கையில் கொடுத்தான். "பேரு போட்டவுக இருக்காகள்ல, அவுக செய்யட்டும்." மாயக்காள் அழுதாள். அவள் புருசன் சோணை காளையின் கையைப் பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை. பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே பரிமாறினான். தான் மட்டும் இலையில் உட்காரவில்லை. தங்கச்சி வீட்டில் கை நனைக்காமல் போவதற்கு என்ன அர்த்தமென்று அங்கே கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் காலையில் ஊர் வீட்டுக் கொல்லைக் கிணற்றடியில் தவசி அவனைப் பிடித்தார். "பலகை ஒடைஞ்சு போச்சுடா. ரெண்டு தடவ ஒடைஞ்சுச்சு. நான் என்ன செய்ய?"

"பலகைதான ஒடைஞ்சுச்சு? வாயி நல்லாத்தான இருந்துச்சு?" காளை கோபமாகக்கூடப் பேசவில்லை. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்குக் கிடாயப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால வந்திருப்பேன். எம்பேரு எதுக்கு? ஊரெல்லாம் சொல்லிட்டேனே, அதுக்குத்தான் தாங்கல."

அத்தனை வளைவு நெளிவாக அறுக்கத் தெரிந்த மனுசனுக்கு, "தப்புத்தான்டா தம்பி" என்று நேராக ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. இத்தனை கூறுகெட்ட மனுசனும் இருப்பானா? இருந்தார்.

அதற்கப்புறம் காளை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தவசி ஊருக்குப் போனால், "வாங்க, உக்காருங்க" என்று கட்டிலை எடுத்துப் போட்டான். 'வாண்ணே, சாப்ட்டியா' என்று தோளில் தொங்கின பயல், தாலுகா ஆபீஸ்காரரை வரவேற்பது மாதிரி வரவேற்றான். அண்ணே என்கிற சொல்லே அவன் வாயிலிருந்து போய்விட்டது. தைப்பூசத்துக்கு வண்டியூர்த் தெப்பம் பார்க்கப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து சிம்மக்கல் வீட்டில் தங்குகிறவன், அதையும் நிறுத்திக்கொண்டான். ராக்கம்மாள் முதல் வருசம் அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருசத்திலிருந்து வைக்கவில்லை.

தவசி ரம்பத்தை விடவில்லை. ஆனால் எதை வரைந்தாலும் ஐயர் சொன்னது காதில் விழுந்தது. அறுக்காமல் விட்டிருக்கலாமே, கொஞ்சம் விட்டிருக்கலாமே என்று பலகையோடு பேசிக்கொண்டே அறுத்தார்.

எண்பத்து மூன்றில் மாயக்காளின் சின்னவள் தங்கப்பொண்ணு பெரியவளானாள். தவசி அன்றைக்கே தாளை எடுத்தார். இந்தத் தடவை மயில் கிடையாது, வட்டம் கிடையாது. நீளப் பலகை. முதலில் காளை, அப்புறம்தான் தவசி. ஒவ்வொரு எழுத்திலும் அங்கங்கே அறுக்காமல் விட்டார். அச்சு அசலாக அரிசி மூட்டை எழுத்து. ஹாலாஸ்யம் வந்து பார்த்தார். தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இதைப் பார்த்தால் பயல் சிரித்துவிடுவான், சிரித்துக்கொண்டே ஒரு தடவை அண்ணே என்று சொல்லிவிடுவான் என்று தவசி நம்பினார். பஸ்ஸில் உசிலம்பட்டி போய்ச் சேருகிற வரைக்கும் பலகையை மடியிலிருந்து இறக்கவில்லை.

காளை முதல் நாளே தன் சீரைத் தனியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டான் என்று மாயக்காள் சொன்னாள். "நான் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேண்ணே. பேசாமத் தலையாட்டிட்டுப் போயிருது."

பந்தலில் தவசி பலகையைத் தூக்கிக் காட்டினார். காளைக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. கிட்டே வந்து, அன்றைக்குத் தாளில் வைத்த மாதிரியே எழுத்து மேல் விரல் வைத்துக் கூட்டிப் படித்தான். தவசி பலகையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

"தப்புத்தான்டா தம்பி" என்றார். அத்தனை வருசம் கழித்து அது எப்படியோ வெளியே வந்தது.

காளை விரலை எடுத்துக்கொண்டான். "நல்லா இருக்குங்க. அன்னைக்கே இப்புடிப் போட்டிருந்தா ஒண்ணும் கொறஞ்சிருக்காது." பலகையை வாங்கிப் பந்தல்காலில் சாய்த்துவைத்தான். விழுந்துவிடாமல் ஒரு கல்லையும் முட்டுக்கொடுத்தான். பிறகு அடுப்படிப் பக்கம் போய்விட்டான்.

பந்தி போட்டார்கள். தவசி தன் இலைக்குப் பக்கத்து இலையில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். வந்தவர்களிடமெல்லாம், "ஆள் வருது, ஆள் வருது" என்றார். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. வரிசை பூராவும் சாப்பிட ஆரம்பித்தது. வாளியோடு காளை வந்தான்.

துண்டு கிடந்த இலையைப் பார்த்தான். தவசியையும் பார்த்தான். தவசி துண்டை எடுத்துவிட்டு, உட்காரச் சொல்லி இலையைத் தட்டினார்.

காளை கரண்டியில் மொண்டு தவசி இலையில் ஊற்றினான். "போதுமாங்க? இன்னுங் கொஞ்சம் விடவா?"

"போதும்" என்றார் தவசி.

காளை வெற்று இலையைத் தாண்டி, அடுத்த ஆளுக்கு ஊற்றப் போனான்.