விளிம்பில் நின்ற கோடு

சுழலும் தட்டின் மேல் கல்லை அழுத்திப் பிடித்திருந்தபோது உள்ளறையில் கணவர் இருமுவது கேட்டது. அவள் இருமல் ஓயும்வரை காத்திருந்து, கல்லை எடுத்துக் கழுவி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கல்லின் முகத்தில் இருந்த கோடு போகவில்லை.

நாத்தனார் வந்து நின்றாள்.

"அண்ணி, அண்ணன் நேத்துலேர்ந்து கேட்டுட்டே இருக்காரு. கல்லு ஆச்சான்னு."

"ஒரு கீறல் இருக்கு. போனதும் கொண்டு வரேன்னு சொல்லு."

"கீறல் இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே. அந்தக் கல்லுக்கென்ன, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா வராங்க?"

"கீறலோட கொண்டு போனா உங்க அண்ணன் வாயில யாரு விழறது? உடம்புதான் போச்சு, அந்த வாய் அப்படியே இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவருமே சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

கணவனும் மனைவியும் ஒரே தாது ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவள் கல்லை மெருகேற்றுவாள், அவர் நுண்ணோக்கியில் பார்ப்பார். கீறல் மிச்சமிருந்தால் கல் அவர் மேசைக்குப் போகாது. அது அவர்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். அலமாரியில் நெடுநாளாகக் கிடந்த கறுப்புக் கல்லை அறுத்துத் தரச் சொல்லி அவர்தான் கேட்டிருந்தார். கண் தெரியும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம்.

"அப்படி என்னதான் அண்ணி இருக்கு இதுல?"

"இரும்பும் டைட்டானியமும். கொதிக்கிற சூட்டுல ரெண்டும் ஒரே படிகமா கலந்து கிடக்கும். ஆற ஆற பிரிஞ்சிடும். ஆனா வெளிய போகாது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு தகடு தகடா நின்னுடும். வெட்டிப் பாத்தா கோடு கோடாத் தெரியும். மெதுவா ஆறியிருந்தா கோடு தடிமனா இருக்கும்."

"பாகம் பிரிச்சும் ஒரே வீட்டுல கிடக்கற அண்ணன் தம்பி மாதிரின்னு சொல்லுங்க," என்றபடி நாத்தனார் உள்ளே போனாள்.

ஆழமான கீறலைப் போக்க வேண்டுமானால் ஒரு படி பின்னால் போய் முரட்டுப் பொடியில் மறுபடி தேய்க்க வேண்டும். அவள் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பொடி டப்பாவைத் திறந்தாள். தேய்த்தாள், கழுவினாள், பார்த்தாள். கோடு அங்கேயே இருந்தது. மறுபடி தேய்த்தாள்.

திடீரென்று தட்டு நின்றது. சுவிட்சின் மேல் நாத்தனாரின் கை இருந்தது.

"கைய எடுங்க அண்ணி."

உள்ளறையில் அவர் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு இல்லை.

உறவுக்காரர்கள் வர நேரமிருந்தது. நாத்தனார் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, ஈரத்தோடு கிடந்த கல்லைத் துடைத்து எடுத்து வந்து, ஜன்னலோரம் அவருக்காக வைத்திருந்த நுண்ணோக்கியில் வைத்தாள்.

"இப்பப் போயா அண்ணி?"

அவள் கல்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கீறலுக்கு எல்லை கிடையாது. எதிரே எந்தப் படிகம் வந்தாலும் குறுக்கே இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கோடோ படிகத்தின் விளிம்பு வந்ததும் நின்றிருந்தது. அதன் இருபக்கமும், பூதக்கண்ணாடிக்குத் தெரியாத மெல்லிய வெண்கோடுகள் அதே திசையில் ஓடின. எவ்வளவு தேய்த்தாலும் போயிருக்காது. கல்லின் ஆழம் வரைக்கும் அதுதான். இத்தனை மெதுவாக ஆறிய கல் அவள் கைக்கு அதுவரை வந்ததே இல்லை.

"கீறல் போயிடுச்சா?" நாத்தனார் மெல்லக் கேட்டாள்.

"கீறலே இல்ல."

"அப்புறம்?"

"மொதல்லேர்ந்தே கோடுதான். நேத்தே கொண்டு போயிருக்கலாம்."

நாத்தனார் போனைக் கட்டிலில் வைத்தாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து கண்ணை வைத்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் தெரியலையே அண்ணி. ஒரே கலங்கலா இருக்கு."

அவள் எதையும் திருகிச் சரிசெய்யவில்லை.

"கண்ணத் தொடச்சுட்டுப் பாரு," என்றாள்.