அத்தை இடுப்பை விட்டு இறங்கியவள்

பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரே ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்த அக்கா, ஓராண்டு ஆகியும் கிளம்பவில்லை. கிளம்பவும் வழியில்லை. தம்பி மனைவிக்குப் பிரசவமான மூன்றாம் மாதமே மூட்டுவாதம் வந்து கையில் உட்கார்ந்துகொண்டது. விரல்கள் வீங்கி, மணிக்கட்டு மடங்காமல், ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒருநாள் குளிப்பாட்டித் துடைக்கும்போது குழந்தை நழுவி விழுந்தது. விழுந்தது மெத்தையில்தான், அடி ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குப் பயந்தவள் பிறகு குழந்தையைத் தொடவே தயங்கினாள்.

"விடு, நான் இருக்கேன்ல," என்றாள் அக்கா.

அவள் இருக்கும் இடத்தில் வேறு யாருக்கும் வேலை மிச்சமிருக்காது. சட்டைத் தொழிற்சாலையில் நாற்பது தையல்காரர்களுக்கு அவள் மேற்பார்வையாளர். யார் கை மெதுவாக ஓடினாலும், "குடு இங்க" என்று துணியைப் பிடுங்கித் தானே தைத்து முடித்துவிடுவாள். அங்கே அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பிறந்தபோது இத்தனூண்டாக இருந்த தம்பி மகளுக்குப் பொத்தான் என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

வீடும் அவள் கையில் கடிகாரம்போல ஓடியது. காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை அவளுக்குத் தொழிற்சாலை, அதுவரை குழந்தை தம்பியிடம். அவனுக்குத் தபால் பிரிக்கும் இடத்தில் மதிய ஷிப்ட். இரண்டரை மணிக்கு வாசலில் பொத்தான் கைமாறுவாள். அப்புறம் தூங்கும்வரை அத்தையின் இடுப்புதான். பசிக்கும் முன்னே வாயில் சோறு, கை நீட்டும் முன்னே கையில் பொம்மை. பின்னறைக் கட்டிலில் சாய்ந்தபடி பெற்றவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். "அக்கா மட்டும் இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்" என்று தம்பி பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். அக்காவுக்கும் உச்சி குளிர்ந்தது.

பதினைந்தாம் மாதத் தடுப்பூசிக்கு மூன்று பேரும் குழந்தையோடு போனார்கள். ஊசியைப் போட்டுவிட்டு நர்ஸ் கேட்க ஆரம்பித்தார்.

"பிடிச்சுக்கிட்டு நிக்கிறாளா?"

"இல்ல. தூக்கியே வச்சிருக்கோம்."

"வேணுங்கிறத விரல் நீட்டிக் காட்டுறாளா? ஏதாவது பேச்சு?"

"கேக்கவே விடமாட்டேனே!" என்றாள் அக்கா பெருமையாக.

நர்ஸ் ஒரு மணியை ஆட்டினார். குழந்தை சட்டென்று திரும்பியது. காது பழுதில்லை. ஒரு சிவப்புப் பந்தை எட்டாத தூரத்தில் உருட்டிவிட்டார். பொத்தான் பந்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், காத்திருந்தாள். அக்கா குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"குழந்தை மக்கு இல்லம்மா," என்றார் நர்ஸ். "அவளுக்குச் செய்யறதுக்கு வேலையே இல்ல. எல்லாத்தையும் நீங்களே செஞ்சு முடிச்சிடுறீங்க. இவங்க யாரு, அம்மாவா? ஏன் ஓரமா நிக்கிறாங்க?"

"அவளால தூக்க முடியாது," என்றாள் அக்கா.

"தூக்கச் சொல்லலையே. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில நில்லுங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஓராண்டு மாடாய் உழைத்தவளை வெளியே போ என்றால்? ஆனாலும் போய்க் கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் நின்றாள்.

உள்ளே பொத்தான் வீரிட்டு அழுதாள். அக்காவின் கை கதவுப்பிடிக்குப் போனது. "பொறுக்கா," என்று தம்பி தடுத்தான். தாய் மெல்லத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். என்ன பேசினாளோ, கதவைத் தாண்டிக் கேட்கவில்லை. உதடு மட்டும் ஓயாமல் அசைந்தது. அழுகை விம்மலானது. குழந்தை தவழ்ந்து வந்து தாயின் முழங்காலைப் பிடித்தது, தோளைப் பற்றியது, பிறகு காலூன்றி எழுந்து நின்றது. தாய் வீங்கிய கையை அதன் முதுகுக்குப் பின்னால் தொடாமல் அணைபோல வைத்திருந்தாள்.

அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். சந்தோஷமா, வெட்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "அவ கையில குடுத்து, விழுந்து கிழுந்து வச்சா?"

"தரையில உக்காந்தவ மடியிலேர்ந்து எங்கடா விழும், பாதாளத்துக்கா?"

பிறகு பின்னறைக்குப் போனாள். "உனக்கு என்மேல கோவமா?" என்று நேராகவே கேட்டாள்.

தம்பி மனைவி கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். "கோவமில்ல அண்ணி. நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. ஆனா இந்த வீட்டுல நான் விருந்தாளியாயிட்டேன். அவ சிரிச்சா, எதுக்குச் சிரிச்சான்னு கூட உங்ககிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க நின்னாத்தானே சொல்றதுக்கு?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாளே எக்ஸ்பிரஸ் வேலையில் இறங்கியது. குழந்தையின் சட்டை அத்தனையிலும் பொத்தான்களைப் பிய்த்தெறிந்துவிட்டு, தாயின் வீங்கிய விரலாலும் மாட்ட முடிகிற, அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்தாள். "பொத்தானுக்குப் பொத்தான் கிடையாது போ" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு, பக்கத்தில் தரையில் மெத்தை விரித்தாள். காலையில் தாயின் விரல்கள் மரக்கட்டைதான். மாத்திரை வேலை செய்து பதினொரு மணிக்குமேல்தான் மடங்கும். அதனால் பதினொன்றிலிருந்து பொத்தான் அம்மாவின் பொறுப்பு. தம்பி பக்கத்தில் இருக்கலாம், குறுக்கே வரக்கூடாது. மாலையில் அக்காவுக்கும் அதே சட்டம்.

சட்டம் போட்டவளுக்கே அதைக் காப்பது பெரும்பாடாக இருந்தது. குழந்தை வாய்க்குக் கொண்டுபோன கரண்டி மூக்குக்குப் போகும்போது அவளுக்கு உடம்பெல்லாம் துடிக்கும். மூன்றாம் நாளே பொறுக்காமல் பிடுங்கிவிட்டாள். "அண்ணி!" என்று தம்பி மனைவி அதட்டினாள். அந்த வீட்டில் அக்காவை ஒருவர் அதட்டியது அதுவே முதல் தடவை. அக்கா கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

நோய் போய்விடவில்லை. சில நாள் தாயால் எழவே முடியாது. அப்போது பொத்தான் கட்டிலுக்கே ஏறி வருவாள். படுத்தபடியே தாய் ஜன்னலில் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வாள்: காக்கா, லாரி, பக்கத்து வீட்டு மாமா, மாமாவின் வழுக்கை. இருபதாம் மாதம் குழந்தை நடந்தாள். முதல் சொல் "அம்மா"வா "அத்தை"யா என்று பெரியவர்கள் பந்தயம் கட்டியிருக்க, அவள் சொன்னது "லாலி." தெருவில் லாரி போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு, மூன்று தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள்.

இரண்டு வயதுப் பரிசோதனைக்குத் தாயும் மகளும் மட்டும் போனார்கள். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அக்காவுக்குப் போன் வந்தது.

"என்னடி சொன்னாங்க?"

"அவங்க எங்க சொன்னாங்க அண்ணி? நர்ஸ வாயத் தொறக்க விட்டாத்தானே இவ! மேசைமேல இருக்கிறது ஒண்ணொண்ணும் என்னன்னு கேட்டு உசிர வாங்கிட்டா."

"எல்லாம் நல்லாருக்குன்னாங்களா?"

"நல்லாருக்குன்னாங்க. இருங்க, உங்ககிட்ட பேசணுமாம்."

அந்தப்பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "அத்த, ஊசி இல்ல!" என்று ஒரு குரல் வெற்றி முழக்கமிட்டது.