ஏர்னஸ்ற் மாமாவுக்கு விளங்கும் தமிழில் கூடைப்பந்து விதிகள்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பாகத் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனி ஸ்ரெல்லா ஓர் இணையப் பக்கத்தைப் போனில் அனுப்பினாள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்துக்கும் கல்லூரிக் கூடைப்பந்துக்கும் இடையில் விதிகள் எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றிய பக்கம். ஆங்கிலம். "அப்பாவுக்கு விளங்கிற தமிழிலை எழுதித் தாங்கோ அத்தான்" என்றாள்.

ஸ்ரெல்லாவுக்கு இருபது வயது. இத்தாலியில், பலெர்மோவில் பிறந்தவள். தமிழ் கதைப்பாள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள், எழுத வராது. அவளுடைய தகப்பன் ஏர்னஸ்ற் மாமா முப்பது வருடங்களுக்கு முன்னர் மன்னாரிலிருந்து வந்தவர். வீடுகளில் வேலை. இத்தாலியன் பேசுவார், வாசிக்கமாட்டார். இருவருக்கும் நடுவில் எழுதத் தெரிந்தவன் நான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தேன். இப்போது அடுக்குமாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவுகிறேன். ஞாயிறு விடுமுறை.

ஸ்ரெல்லாவின் அக்கா அமலினி என் மனைவி. சென்ற வருடம் மே மாதம் இறந்துவிட்டாள். வயது இருபத்தொன்பது. மூளையில் இரத்தக் கசிவு.

(இதன் பிறகு ஒரு நீண்ட பந்தி இருந்தது. வெட்டிவிட்டேன்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பலெர்மோவில் வெயில் ஏறும்போது" — வெயிலில் தொடங்கும் கதைகளை நான் வாசிப்பதில்லை. விட்டேன்.

"ஏர்னஸ்ற் மாமா பதினெட்டு வருடமாக ஒரே சிஞ்ஞோராவின் வீட்டைக் கூட்டித் துடைத்து, அந்த அம்மா இறந்த அன்று அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால்" — இப்படிப் போனால் மாமா கதாநாயகன் ஆகிவிடுவார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் இது அவருடைய கதை இல்லை.

"உயர்நிலைப் பள்ளியில் ஆட்டம் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். கல்லூரிப் பெண்களுக்கு அதே நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். ஆண்களுக்கு இருபது நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள்."

இது மொழிபெயர்ப்பின் முதல் வரி. மூன்றிலும் இதுதான் பொய்யில்லாமல் இருக்கிறது.

3

ஏன் இந்த மொழிபெயர்ப்பு என்பதையும் சொல்லவேண்டும்.

ஸ்ரெல்லா பதினேழு வயதில் மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருடம் அமெரிக்கா போய், ஒரு சிறு நகரத்து உயர்நிலைப் பள்ளியில் விளையாடியவள். அப்போது அவளைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர் இப்போது தன் கல்லூரி அணிக்குக் கூப்பிடுகிறார். செலவில் பெரும்பகுதி அவர்களுடையது. மே முப்பத்தொன்றுக்குள் பதில் வேண்டும். மாமாவின் கையெழுத்தும் சம்பளக் கடதாசியும் இல்லாமல் விசா நகராது.

மாமா இரண்டு பதில் சொன்னார். ஒன்று: "விளையாடின விளையாட்டையே திருப்பி விளையாட சமுத்திரம் தாண்டோணுமோ?" மற்றது: "மூத்தவளின்ரை ஆண்டுத் திருப்பலி முடியட்டும்."

இரண்டாவதுக்கு அவளிடம் பதில் இல்லை. சாவு விழுந்த வீட்டில் வருடம் முடியும்வரை எங்கள் ஆட்கள் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை. முதலாவதுக்குப் பதில் இருந்தது. அது வேறு ஆட்டம். அதைத் தகப்பனுக்குக் கடதாசியில் காட்ட விரும்பினாள்.

4

ஞாயிறுதோறும் பூசை முடிந்து ஸ்ரெல்லா என் அறைக்கு வருவாள். தேத்தண்ணி குடிப்போம். பிறகு பஸ் ஏறி பிரான்காச்சோவுக்குப் போவோம். அங்கே இரண்டு குடியிருப்புக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு திடல். அவள் எறிவாள், நான் பந்து பொறுக்கிக் கொடுப்பேன். முன்பு அமலினி பொறுக்கிக் கொடுத்தாள்.

"இதிலை நில்லுங்கோ அத்தான்." தரையில் இருந்த வளைகோட்டுக்கு ஓர் எட்டு உள்ளே என்னை நிறுத்தினாள். "இதுதான் அங்கத்தைப் பள்ளிக்கூடக் கோடு. ஆறு மீற்றர். இதுக்கு வெளியிலை இருந்து போட்டால் மூண்டு புள்ளி. கல்லூரிக்கு ஆறே முக்கால்."

"முக்கால் மீற்றர்தானே."

"தானேயோ? எறிஞ்சு பாருங்கோ."

எறிந்தேன். பந்து வளையத்தைத் தொடவில்லை.

"இது கிட்டக் கோடு, புரொபெஸ்ஸோரே. இதிலையே இப்பிடி எண்டால்..." என்று எனக்குப் பேராசிரியர் பட்டம் சூட்டிச் சிரித்தாள். "உங்களுக்குத் துடைப்பம்தான் சரி."

பிறகு நேரக் கணக்கைச் சொன்னாள். "இத்தாலியிலை பந்து கைக்கு வந்து இருபத்திநாலு செக்கனுக்குள்ளை எறியோணும். கல்லூரியிலை முப்பது. நான் போன பள்ளிக்கூடத்திலை ஒண்டுமே இல்லை."

(அடிக்குறிப்புப் போல: சில மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளிக்கும் முப்பத்தைந்து செக்கன் வைத்திருக்கின்றன. அவள் போன மாநிலத்தில் அப்போது இல்லை.)

"ஒண்டுமில்லாட்டி?"

"வைச்சிருக்கலாம். ஒருக்கா நாங்கள் ரெண்டு புள்ளி முன்னுக்கு. கடைசி மூண்டு நிமிசமும் பந்தை ஆளுக்காள் மாத்திக்கொண்டே நிண்டம். ஒருத்தரும் எறியேல்லை. வெண்டிட்டம்."

"பிறகென்ன?"

"வெக்கமா இருந்தது. சனம் கூக்காட்டினது. அக்காவுக்குப் போன் எடுத்து அழுதன். வெண்டால் வெண்டதுதான், வாயை மூடிக்கொண்டு படு எண்டா."

(இந்தக் கதையில் அமலினி பேசுவது இந்த ஓரிடத்தில் மட்டும். அதுவும் இன்னொருவர் வாயால்.)

பந்தை வைத்துக்கொண்டு நிற்பதை உவமையாக்க வேண்டாம் என்று கொப்பியின் ஓரத்தில் எனக்கு நானே எழுதிவைத்தேன். விளையாட்டில் அவர்கள் வெல்வதற்காக நின்றார்கள். அது ஒரு காரணம்.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைச் சந்தேகிக்கவேண்டும். என்னை.

முதல் வரைவில் இப்படி இருந்தது: "ஆங்கிலம் கடினமாக இருந்தது. வேலை முடிந்து வரும்போது கை விறைத்திருக்கும். பஸ்ஸில் ஒரு நாளைக்கு இரண்டு வரி எழுதினேன்." ஞாயிறுதோறும் ஸ்ரெல்லா கேட்பாள். "என்ன புரொபெஸ்ஸோரே, முடிஞ்சுதோ?" "இன்னும் கொஞ்சம்" என்பேன். "கனக்கப் படிச்ச ஆள் எண்டால் இப்பிடித்தான்" என்பாள்.

அந்த வரைவு பொய். மொழிபெயர்ப்பு அவள் அனுப்பிய அன்றே முடிந்தது. மூன்று மணித்தியாலம். ஏழு பக்கம். கொப்பியை வேலைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் படி கழுவும் கட்டடங்கள் இரண்டு உண்டு. நீண்ட பஸ் பயணம். அந்தப் பயணத்தில் மொழிபெயர்ப்பை எழுதவில்லை. கொப்பியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து இந்தக் கதையை எழுதினேன்.

ஏன் கொடுக்கவில்லை என்றால், கொடுத்துவிட்டால் அவள் கேட்க வரமாட்டாள். மாமா வாசிப்பார், கையெழுத்துப் போடுவார், அவள் போய்விடுவாள். அதன் பிறகு அமலினி என்ற பெயரை என்னிடம் சாதாரணமாகச் சொல்வதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். மற்றவர்கள் அந்தப் பெயருக்கு முன்னால் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

அவள் வரத் தொடங்கியதே மார்ச்சில், இந்தப் பக்கத்தை அனுப்பிய பிறகுதான். அதற்கு முன்னர் நாற்பது ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாகப் பார்த்திருக்கிறேன்.

6

ஆண்டுத் திருப்பலிக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாமா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரேத்தோவில் அவர்கள் வீடு. ஸ்ரெல்லா பயிற்சிக்குப் போயிருந்தாள். சறோஜா மாமி நண்டு சமைத்திருந்தார்.

"தம்பி, ஆண்டு வருகுது."

"ஓம் மாமா."

"நீரும் எவ்வளவு காலம் தனிய இருக்கிறது? நானும் ஸ்ரெல்லாவுக்கு வெளியிலை போய் ஆரையும் தேடத் தேவையில்லை. எங்கடை ஆக்களுக்குள்ளை இது புதிசில்லைத்தானே. என்ரை பெரியப்பா செய்தவர். சுவாமியிட்டையும் கேட்டனான். திருச்சபையிலை தடையில்லையாம்."

என் கையில் ஒரு நண்டுக்கால் இருந்தது. "மாமா, நான் அப்பிடி ஒண்டும் சொல்—"

"சொல்லேல்லை. அதுதான் சொல்லுறன். பிள்ளை அந்தக் கடதாசியை உம்மட்டைத் தந்து ரெண்டு மாசமாகப் போகுது. அவள் போகட்டும் எண்டு நினைச்சிருந்தால் நீர் அண்டைக்கே எழுதித் தந்திருப்பீர். படிச்ச பிள்ளை, உமக்கு ரெண்டு பக்கம் ஒரு வேலையோ? தராமல் வைச்சிருந்தீர். எனக்கு விளங்காதே?"

"இப்ப ஏன் உதைக் கதைக்கிறியள்? அவர் சாப்பிடட்டும்" என்றார் மாமி. "தம்பி, சொதி விடட்டோ?"

சொதிக்கு ஓம் என்றேன். மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மகளைப் பறிகொடுத்தவர். மிச்சமிருக்கும் இரண்டு பேரை ஒரே வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். நான் பேசாமல் இருந்தேன், அவர் அதற்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த அர்த்தம் அது.

7

முடிவுகள்.

ஒன்று. அவள் போகிறாள். விமான நிலையத்தில் நான் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மாமி அழுகிறார். எனக்கும் கண் கலங்குவதாக எழுதியிருந்தேன். பதினொரு மாதமாக அது நடக்கவில்லை. வெட்டினேன்.

இரண்டு. கல்யாணம். நான்கு வரி எழுதினேன். "ஞாயிறு காலை அவள் அமலினியின் கோப்பையை எடுத்து" —

மூன்று. ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை. திருப்பலி முடிகிறது. மே முப்பத்தொன்று வருகிறது, போகிறது. கல்லூரி வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொள்கிறது. ஸ்ரெல்லா ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் வேலைக்குச் சேருகிறாள். ஞாயிறுகளில் பிரான்காச்சோவுக்கு வருகிறாள்.

மூன்றாவது முடிவு ஒரு பஸ் பயணத்தில் முடிந்துவிட்டது. ஒரு வெட்டும் இல்லை, திருத்தமும் இல்லை. நன்றாகவும் இருந்தது. இறங்கிய பிறகு எனக்குப் பயம் வந்தது.

8

திருப்பலிக்கு அடுத்த ஞாயிறு. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். என் வேலைப் பையில் சீனிப் பைக்கற்றைத் தேடிய ஸ்ரெல்லா கொப்பியைக் கண்டாள். முன்பக்கத்தைப் பார்த்தாள். ஏழு பக்கத்தையும் எண்ணினாள். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இடையில் இரண்டு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். சொன்னேன்.

"என்ரை கதையை மூண்டு தரம் முடிச்சிருக்கிறியள்" என்றாள்.

"அது வரைவு."

"ஒண்டிலையாவது நான் வாய் திறக்கிறனே?"

நினைத்துப் பார்த்தேன். இல்லை.

"அப்பா கேட்டது உண்மையோ, கதையோ?"

"உண்மை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஏன்?"

(அதற்கு நான் சொன்ன காரணங்களை இங்கே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருந்ததே பெரிது.)

"அத்தான், அக்காவைப் பற்றிக் கதைக்க எனக்கும் வேறை ஆரும் இல்லை. அம்மாவோடை கதைச்சால் அம்மா அழுவா. அப்பா எழும்பிப் போயிடுவார். இஞ்சை வரத்தான் எனக்கும் விருப்பம். அதுக்காண்டி நான் இஞ்சை நிக்கேலாது. விளங்குதோ?"

"விளங்குது."

"இந்த ரெண்டாவது முடிவிலை இருக்கிற ஆளை எனக்குத் தெரியாது. அவளுக்குக் கோபமே வரேல்லை. எனக்கு வருகுது." முகத்தைத் துடைத்தாள். "அல்லோரா, சரி, எழும்புங்கோ. கதையை அங்கை வாசிக்க வேண்டாம். மற்றப் பக்கத்தை அப்பாட்டைக் குடுங்கோ. நீங்கள் சொல்லவேண்டியதை நீங்கள் சொல்லுங்கோ. மிச்சம் நான் கதைக்கிறன்."

9

மாமா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன்.

"மாமா, நான் ஸ்ரெல்லாவைக் கட்டமாட்டன்."

மாமி குசினியிலிருந்து வெளியே வந்தார். மாமா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

கொப்பியை நீட்டினேன். "இது மார்ச்சிலையே முடிஞ்சது. நான்தான் தராமல் வைச்சிருந்தனான். நீங்கள் நினைச்ச காரணத்துக்கு இல்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமையளிலை தனிய இருக்கேலாமல் இருந்தது. அவளிலை ஒரு பிழையும் இல்லை."

இதைவிட நல்ல வசனங்களைப் பஸ்ஸில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

மாமா என்னைப் பார்க்கவில்லை. கொப்பியை வாங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டார். விரலை வரிக்குக் கீழே வைத்து, பாதிச் சத்தத்தில் வாசித்தார். எட்டு நிமிடம். பத்து நிமிடம். சமநிலையில் முடிந்தால் பள்ளியில் மேலதிகமாக நான்கு நிமிடம், கல்லூரியில் ஐந்து. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இந்த முப்பது செக்கன். இதை ஆர் எண்ணுறது?"

நான் வாயைத் திறந்தேன். ஸ்ரெல்லா முந்திவிட்டாள். "வளையத்துக்கு மேலை ஒரு மணிக்கூடு இருக்கு அப்பா. எல்லாருக்கும் தெரியும்."

"எறியாட்டி?"

"பந்து மற்ற ஆக்களுக்குப் போயிடும்."

"அப்ப நிண்டு யோசிக்க நேரமில்லையே."

"முப்பது செக்கன் கனக்க அப்பா."

மாமா கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். அவள் அந்த வரியைத் தமிழிலும் இத்தாலியனிலும் கையாலும் விளக்கினாள். மேசையில் இருந்த உப்புக் குப்பியை வளையமாக வைத்தாள். மொழிபெயர்ப்பவன் தேவைப்படவில்லை.

"தம்பி, சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றார் மாமி.

"வேலை இருக்கு மாமி" என்றேன். இருக்கவில்லை.

அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். எழுதப்போவதில்லை. மூன்று தரம் அவளைக் கேட்காமல் எழுதிவிட்டேன், அது போதும். உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே போய் அவளிடம் கேளுங்கள். ஒரேத்தோவில் மருந்துக்கடைக்கு எதிரே உள்ள கட்டடம், மூன்றாம் மாடி, இடது கதவு. மணி வேலை செய்யாது. தட்டவேண்டும்.